தேக்கா விளக்கும் தால்சேர் கரியும்

2021 தீபாவளிக்குச் சில வாரங்களே இருந்தன. சிராங்கூன் சாலை ஒளியூட்டைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால், எங்களுக்கு மின்சாரம் விற்ற நிறுவனம் சந்தையிலிருந்து விலகுவதாகக் கடிதம். அதே வாரம் தூத்துக்குடியிலிருந்து அழைத்த சித்தியிடம் புலம்பினேன். "அங்கயுமாய்யா? இங்க கரி தீரப்போவுதுன்னு நியூஸ்ல சொல்லுதாங்க" என்றார்.

அந்த அக்டோபரில் இந்திய அனல்மின் நிலையங்களின் கையிருப்பு சராசரியாக நான்கு நாளுக்குத்தான் இருந்தது. உலகிலேயே நிலக்கரி உற்பத்தியில் இரண்டாவது நாடு அது! கரி பூமிக்குள் இருந்தது, கொதிகலன் வாசலில்தான் இல்லை. முடக்கம் தளர்ந்து மின்தேவை எகிறியது, சுரங்கங்களில் மழை, இறக்குமதி விலையோ உச்சம். முன்கூட்டியே குவித்து வைக்கவும் பல நிலையங்கள் தவறியிருந்தன.

தமிழகத்தின் பாடு இன்னும் சிக்கல். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி உண்டு. மற்றபடி, ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வரவேண்டும். மேட்டூருக்கு என்றால் மறுபடி ரயில். இதற்காகவே 1974ல் பூம்புகார் கப்பல் கழகம் தொடங்கப்பட்டது, 2001ல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. ஆனாலும் ஒவ்வொரு கைமாற்றத்திலும் தாமதம் காத்திருக்கிறது: வேகன் தட்டுப்பாடு, வங்கக்கடல் புயல், கப்பல் நிறுத்த இடமின்மை. 2022 கோடையில் கரி ரயில்களுக்கு வழிவிட, இந்திய ரயில்வே பயணிகள் ரயில்களையே ரத்து செய்தது.

புதுச் சுரங்கத்தைவிட வேகனுக்கும் இறங்குதுறைக்கும் செலவழிப்பதே முதல் வேலை என்பது என் எண்ணம். தேவை குறைந்த மாதங்களில் குவித்து வைப்பது அலுப்பான காப்பீடு, அதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. அளவும் முக்கியம். அதிக நாள் குவிந்து கிடக்கும் கரி தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

சிங்கப்பூரிலும் ஒருகாலத்தில் கரிதான். விவோசிட்டி பக்கத்தில் நிற்கும் செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம் 1927ல் கரியில்தான் ஓடியது. இன்று நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயு. அதைக் கரிபோல முற்றத்தில் கொட்டிவைக்க முடியாது. இந்தோனீசியா, மலேசியாவிலிருந்து குழாய்வழி வருவது ஒரு பங்கு. கப்பலில் குளிரவைத்துத் திரவமாக வருவது இன்னொரு பங்கு, 2013 முதல் ஜூரோங் தீவு முனையம் வழியாக. 2021ல் இந்தோனீசியக் குழாயில் தடை ஏற்பட்டபோதே உலகச் சந்தையிலும் விலை ஏறியது. நிலையான விலைக்கு விற்ற சில்லறை நிறுவனங்கள் தாங்கவில்லை.

அதன்பின் எரிசக்திச் சந்தை ஆணையம் அவசரக் கையிருப்புக்கு ஏற்பாடு செய்தது. மின்னுற்பத்தி நிறுவனங்கள் தனித்தனியே வாங்கிய எரிவாயுவை மொத்தமாக வாங்க ஒரு நிறுவனமும் அமைக்கப்பட்டது. ஜூரோங் துறைமுகத்தில் மிதக்கும் இரண்டாவது முனையமும் வரவிருக்கிறது. ஒற்றைக் கதவை நம்பியிருந்த வீட்டுக்குப் பின்வாசல் வைப்பதுபோல.

எங்கள் வீட்டில் விளக்கு ஒரு நொடிகூட அணையவில்லை. கணக்கு எஸ்பி குழுமத்துக்கு மாறியது, மாதக் கட்டணம் ஏறியது, அவ்வளவுதான். சித்தி வீட்டிலோ மின்விசிறி நின்றால் அவர் முதலில் கேட்பது, "துறைமுகத்துல கப்பல் வந்துட்டாய்யா?" என்றுதான்.