எல்லை தாண்டிய பிள்ளை: கோர்ட்டில் யார் கேட்கலாம்?

பாறசாலையில் நாகர்கோவில் ரயிலேறினால் அடுத்த நிலையமே தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கொண்டான் கொடுத்தான் உறவு மட்டும் பிரியவில்லை. தம்பதியர் பிணங்கி, ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு களியக்காவிளை தாண்டிவிட்டால், "இனி இங்குள்ள கோர்ட்டு என்ன செய்யும்?" என்று மற்றவர் சோர்ந்துவிடுகிறார்.

சோர வேண்டியதில்லை. 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் 9-ஆம் பிரிவு பார்ப்பது பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்தை. தூக்கிச் சென்ற இடத்தை அல்ல. தாய், தகப்பன் மட்டுமல்ல, 8-ஆம் பிரிவின்படி உறவினரும், குடும்ப நண்பரும்கூடப் பாதுகாவலர் நியமனத்துக்கு மனுச் செய்யலாம். வளர்த்த பாட்டிக்கும் அந்த வாசல் உண்டு. பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தும்படி 12-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். தகப்பன் உயிரோடிருக்கையில் தாய் பாதுகாவலர் அல்ல என்று இந்துக் குடும்பங்களில் சொல்லப்பட்ட வாதத்தை, எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் தளர்த்திவிட்டது.

ஆனால் குடும்ப நீதிமன்றம் தானே ஊர் ஊராகத் தேடாது. இருக்குமிடமே தெரியாவிட்டால் முதலில் போலீஸ் ஸ்டேஷன். காணாமற்போன குழந்தை குறித்த புகாருக்கு எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவு. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் உண்டு.

பெரியவர்கள் பேசிப் பார்க்கட்டும் என்று மாதங்களைக் கடத்துவதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. அதற்குள் பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்த்து, "வழக்கமாக வசிப்பது இங்கேதான்" என்று எதிர்த்தரப்பு வாதாடும். பழைய பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, ரேஷன் கார்டு ஆகியவற்றின் நகல்களை மனுவோடு சேர்த்துவிடுங்கள்.