அலையுயரமும் ஒலிபெருக்கியும்

கணிப்பொறியும் இணையமும் உடையார், அவை இல்லார் என உலகம் இரு கூறாய் நிற்றலைப் பலரும் பேசுகின்றனர். வறிய நாடுகளில் இப்பிளவு மிக ஆழமானது. கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் அது நீங்கிவிடும் எனக் கருதுவாரும் உளர். அஃது அத்துணை எளிதன்று என்பதனைப் புதுச்சேரிப் பகுதியில் நிகழ்ந்த ஒரு முயற்சியைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998-ஆம் ஆண்டில், கனடா நாட்டின் பொருளுதவியுடன், புதுச்சேரியைச் சூழ்ந்த சிற்றூர்களில் அறிவு மையங்களை அமைக்கத் தொடங்கினர். வில்லியனூர் நடுநிலையமாயிற்று. ஆங்குத் தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தினின்று பெற்ற செய்திகள், வானொலி அலைகளின் வாயிலாகச் சிற்றூர்களுக்கு விடுக்கப்பட்டன. மின்சாரம் அடிக்கடி தடைப்பட்டமையால் கதிரவனொளியினின்று மின்சாரம் பெறும் பலகைகளும் வைக்கப்பட்டன. மையத்திற்குரிய இடத்தை ஊராரே அளித்தல் வேண்டும். எச்சாதியாரும் தடையின்றி அதனுட் புகுதல் வேண்டும். இவ்விரண்டும் முதல் நிபந்தனைகள். எம்பலத்தில் கோயிலைச் சார்ந்த இடத்திலேயே மையம் அமைந்தது. அதனை நடத்தினோர் பெண்டிர். இயந்திரம் வருமுன்னரே பழைய பூட்டொன்று திறக்கப்பட வேண்டியிருந்ததன்றோ?

வீராம்பட்டினத்துச் செய்தி இன்னும் சுவையுடைத்து. அமெரிக்கக் கடற்படையார் இணையத்தில் வெளியிட்டு வந்த அலையுயர முன்னறிவிப்பு நம் மீனவர்க்குப் படமும் ஆங்கிலமுமாகவே இருந்தது. அதனை எடுத்துத் தமிழாக்கி, கடற்கரையில் நிறுத்திய ஒலிபெருக்கி வழியே அறிவித்தனர். கேட்போன் எழுத்தறியாதவனாயினும் தாழ்வில்லை, கருவி வாங்கவேண்டுவதுமில்லை. கடலுக்குச் செல்வதா, கரையிலே தங்குவதா என்பதனை அவனே துணிந்துகொள்ளலாம். இங்குப் பாலமாய் நின்றது மொழிபெயர்ப்பே என்பதனைத் தமிழ் பயிலும் நாம் சற்றுச் செருக்குடனே குறிப்பிடலாம்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபொழுது, சிங்கப்பூரிலிருந்த நல்லவாடு ஊரினர் ஒருவர் செய்தியறிந்து தம் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் முழங்கினர். 3,000-க்கு மேற்பட்டோர் அலை வருமுன் அகன்று உயிர் தப்பினர். இவ்வொலிபெருக்கி அன்றாட அலைச்செய்திக்கென வைத்தது. ஊரார் அதன் குரலுக்குச் செவிசாய்த்துப் பழகியிருந்தமையே அன்று பயன்பட்டது.

இந்நாளில் கைப்பேசி மலிந்துவிட்டது. அலைச்செய்தியும் அதிலேயே வருகின்றது. ஆயினும், மாதந்தோறும் கட்டணம் செலுத்த இயலாதாரும் உளர். வீட்டுக் கைப்பேசி ஆடவர் சட்டைப் பையிலேயே தங்கிவிடப் பெறும் பெண்டிரும் உளர். இனி ஊர்க்கொரு மையம் எற்றுக்கு, ஒலிபெருக்கியைக் கழற்றிவிடலாம் என யாரேனும் உரைப்பாராயின், நாம் அதற்கு உடன்படோம்.