செம்மறிக்கு எண்ணெய் ஊற்றினால் கறி ருசிக்குமா?



மயிலாப்பூர், தி.நகர், அடையாறு கறிக்கடைகளை எண்ணி மெட்ராஸ் சிவப்புக் குட்டிகளைத் தேற்றுகிறவர்கள், "தீவனத்தில் எண்ணெய் கலந்தால் கறி மெதுவாகுமாமே?" என்று கேட்பதுண்டு. கறியில் மாறுதல் உண்டுதான். ஆனால் நாம நினைக்கிற அளவுக்கு இல்லீங்க.

கோழி தின்ற எண்ணெயின் குணம் அதன் கொழுப்பிலே ஏறும். ஆடு அசைபோடுகிற பிராணி. அதன் பெருவயிற்றிலே இருக்கிற கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள், உள்ளே வரும் எண்ணெயில் பெரும்பகுதியைக் கெட்டிக் கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. நல்லெண்ணெயே கொடுத்தாலும், ஆறின குழம்பிலே ஆட்டுக் கொழுப்பு உறைகிறதே, காரணம் இதுதான். தப்பிப் போகிற கொஞ்சம்தான் கறியில் சேரும். ஆளிவிதை எண்ணெய் கொடுத்தால் ஒமேகா-3 என்கிற நல்ல கொழுப்பு ஓரளவு கூடும். அதே சத்தின் மூலப்பொருள் பச்சைப் புல்லிலும் தழையிலும் இருக்கிறது, காசில்லாமல்!

இளகின கொழுப்பு கூடினால் இன்னொரு தொல்லை. கறி சீக்கிரம் நிறம் மங்கும், சிக்கு வாடை அடிக்கும். இதைத் தடுக்கிற வைட்டமின் ஈ பசுந்தழையில் உண்டு. ஆகவே எண்ணெய் கொடுத்தாலும் அகத்தி, வேலிமசாலை நிறுத்திவிடாதீர்கள்.

அளவுதான் முக்கியம். ஈரம் நீக்கிய கணக்கில் ஒரு கிலோ தீனி தின்னும் குட்டிக்கு, எல்லாம் சேர்த்துக் கொழுப்பு 50, 60 கிராமைத் தாண்டக்கூடாது. தழை, புண்ணாக்கிலேயே 20, 30 கிராம் வந்துவிடும். மிஞ்சினால் எண்ணெய் நாரின் மேல் படிந்து, நார் செரிக்கிற நுண்ணுயிர்களை முடக்கும். குட்டி தீனி ஒதுக்கும், கழியும். தேறின எடையும் போய்விடும். உமி கலக்காத புதுத் தவிட்டில் 100-க்கு 15 பங்கு போல எண்ணெய் இருக்கிறது. 200 கிராம் தவிடு போட்டாலே 30 கிராம் ஆச்சு. அதற்குமேல் பாட்டிலைத் திறப்பானேன்? தவிடு மட்டும் புதிதாக இருக்கணும், நாள்பட்டால் காறிவிடும்.

ராஜஸ்தான் அவிகாநகரில் 1962-ல் தொடங்கிய மத்திய ஆராய்ச்சி நிலையத்தில், மால்புரா குட்டிகளுக்குத் தேங்காயெண்ணெய் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தவிட்டெண்ணெயைச் சுண்ணாம்புச் சத்தோடு சேர்த்து சோப்பு மாதிரியாக்கியும் கொடுத்தார்கள். இந்த சோப்பு பெருவயிற்றில் அதிகம் கரையாது. புளிப்பான நான்காவது வயிற்றிலேதான் கரையும். நுண்ணுயிர்களுக்குச் சேதம் குறைவு.

பட்டணத்துப் பலகாரக் கடையிலே சுட்டு மிஞ்சின எண்ணெய் மலிவாய்க் கிடைத்தால் வாங்கிவிடாதீங்க. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் ஆட்டுக்கும் ஆகாது, கறிக்கும் ஆகாது.

மெதுவான கறிக்கு எண்ணெயைவிட வயசுதான் பெரிசு. முற்றின கிடாவின் கவிச்சையும் எண்ணெயால் போகாது. அலைக்கழித்து, பயமுறுத்தி, பட்டினியாய்க் கொண்டுபோன ஆட்டின் கறி கறுத்துப் பிசுபிசுக்கும், சீக்கிரம் கெடும். வண்டியிலே நெருக்கி ஏற்றாதீங்க. இறக்கியதும் நிழலில் கட்டித் தண்ணீர் காட்டச் சொல்லி வியாபாரியிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க.