மெக்கார்த்தி: பழியும் சான்றும்

ஒருவருடைய இயற்பெயர் பொதுச்சொல்லாக மாறுவது மொழி வரலாற்றில் புதுமையன்று. ஆயினும், அவர் உயிரோடு இருக்கும்போதே அது பழிச்சொல்லாக வழங்கத் தொடங்குவது அரிது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் செனட் சபை உறுப்பினராயிருந்த ஜோசப் மெக்கார்த்திக்கு அந்நிலை நேர்ந்தது. 1950ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழில் ஹெர்பிளாக் வரைந்த கேலிச்சித்திரத்தில் 'மெக்கார்த்தியிசம்' என்னும் சொல் இடம்பெற்றது. தக்க சான்றின்றிப் பிறர்மீது நாட்டுத் துரோகப் பழி சுமத்துவதே அச்சொல்லின் பொருள்.

மெக்கார்த்தி 1908இல் விஸ்கான்சின் மாநிலத்தில் உழவர் குடும்பமொன்றில் பிறந்தார். பதினான்காம் வயதில் படிப்பை நிறுத்திக் கோழி வளர்ப்பில் இறங்கினார். பின்னர் மீண்டும் பள்ளி சேர்ந்து, நான்காண்டு உயர்நிலைக் கல்வியை ஓராண்டிலேயே முடித்தார். 1935இல் சட்டப் பட்டம் பெற்றார். 1939இல் தேர்தலில் வென்று மாவட்ட நீதிபதியானார். இரண்டாம் உலகப் போரின்போது மரைன் படையில் பணியாற்றினார். 1946இல், இருபத்தோர் ஆண்டுகளாகச் செனட்டராயிருந்த லா பாலெட்டைக் குடியரசுக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் சுமார் 5,000 வாக்குகளில் தோற்கடித்து, பொதுத் தேர்தலிலும் வெற்றி கண்டார். உழைப்பும் துணிவும் உடையவர் என்பதில் ஐயமில்லை.

அக்காலம் அச்சம் நிறைந்த காலம். 1949 ஆகஸ்டில் சோவியத்து நாடு அணுகுண்டைச் சோதித்தது. அக்டோபரில் சீனாவில் பொதுவுடைமை ஆட்சி நிறுவப்பெற்றது. 1950 ஜனவரியில், வெளிநாட்டமைச்சின் முன்னாள் அதிகாரி ஆல்ஜர் ஹிஸ், பொய்ச்சாட்சி சொன்ன குற்றத்திற்காகத் தண்டனை பெற்றார். மறுதிங்கள் 9ஆம் நாள் மெக்கார்த்தி மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் பேசினார். வெளிநாட்டமைச்சில் 205 பொதுவுடைமையரின் பெயர்ப் பட்டியல் தம் கையில் உள்ளதென அவர் கூறியதாக உள்ளூர் நாளிதழ் வெளியிட்டது. சில நாட்களில் அவ்வெண் 57 ஆயிற்று. பிப்ரவரி 20ஆம் நாள் செனட்டில் பேசியபோது 81 ஆயிற்று.

205 என்னும் எண் எவ்வாறு வந்தது? 1946இல் வெளிநாட்டமைச்சர் பர்ன்ஸ் எழுதிய கடிதமொன்று, ஆய்வுக்குட்பட்ட சுமார் 3,000 ஊழியருள் 284 பேரை நிலைப்பணியில் வைத்திருக்க வேண்டா எனப் பரிந்துரைக்கப்பட்டதாகவும், அவர்களுள் 79 பேர் நீக்கப்பட்டதாகவும் தெரிவித்தது. கழித்தால் எஞ்சுவது 205. அஃது ஒரு கழித்தல் கணக்கேயன்றிப் பெயர்ப் பட்டியலன்று. அக்கடிதமோ நான்காண்டுப் பழமையானது.

டைடிங்ஸ் தலைமையில் அமைந்த செனட் குழு விசாரித்து, 1950 ஜூலையில் அக்குற்றச்சாட்டுகளை மோசடி என அறிவித்தது. ஆயினும் ஜூனில் தொடங்கியிருந்த கொரியப் போர் மக்களின் அச்சத்தை மிகுவித்தது. நவம்பர்த் தேர்தலில் டைடிங்ஸே தோற்றார். அதுகண்டு மற்ற உறுப்பினர் பலர் வாய்திறக்க அஞ்சினர். மேலும், சபையில் பேசிய பேச்சுக்காக உறுப்பினர்மீது அவதூறு வழக்குத் தொடர முடியாது. மக்களுக்காகப் பேசுவோரைக் காக்க அமைந்த அவ்வுரிமை, இங்குப் பழி சுமத்துவோர்க்கு அரணாயிற்று.

1953இல் மெக்கார்த்தி விசாரணைத் துணைக்குழுவின் தலைவரானார். அவருடைய உதவியாளர் இருவர் ஐரோப்பாவிலிருந்த அமெரிக்க நூலகங்களைச் சுற்றிவந்து, நூல்களைக் குறை கூறினர். பல நூல்கள் அகற்றப்பட்டன. நூல் எரிப்போருடன் சேரவேண்டா என அதிபர் ஐசனோவர் மாணவர்க்கு அறிவுறுத்தினார். ஆனால் மெக்கார்த்தியின் பெயரைச் சொல்லவில்லை.

1954இல் இராணுவத்துடன் எழுந்த பூசலின் விசாரணை 36 நாட்கள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. ஜூன் 9ஆம் நாள், விசாரணைக்குத் தொடர்பில்லாத இளம் வழக்கறிஞர் ஒருவரை மெக்கார்த்தி பழித்தபோது, இராணுவத் தரப்பு வழக்கறிஞர் வெல்ச், மானவுணர்வே இல்லையா எனக் கேட்டார். பார்வையாளர் கைதட்டினர். டிசம்பர் 2ஆம் நாள் 67க்கு 22 என்னும் வாக்குகளில் செனட் அவரைக் கண்டித்தது. அதன்பின் செல்வாக்கிழந்து, 1957 மே 2ஆம் நாள் தம் நாற்பத்தெட்டாம் வயதில் காலமானார்.

1995இல் வெளியான வெனோனா ஆவணங்கள், சோவியத்து ஒற்றர் அமெரிக்க அரசுப் பணிகளில் உண்மையிலேயே இருந்தனர் என்பதைக் காட்டின. எனவே ஆபத்து முழுக் கற்பனையன்று. ஆனால் அவர்களுட் பெரும்பாலோர் 1950க்கு முன்பே நீங்கியிருந்தனர். உண்மையான ஆபத்து ஒன்று இருப்பதனாலேயே, சுட்டப்பட்ட ஒவ்வொருவரும் குற்றவாளி ஆகிவிடார். ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே சான்று வேண்டும்.

1954ஆம் ஆண்டுத் தீர்மானம் மற்றொன்றையும் காட்டுகிறது. செனட்டின் குழுக்களை மதியாமல் நடந்தார், அவற்றை இழித்துப் பேசினார் என்பனவே அதில் கூறப்பட்ட குற்றங்கள். பழிக்கு ஆளாகி வேலையும் நற்பெயரும் இழந்த ஆசிரியர், ஊழியர், எழுத்தாளர் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சபை தன் மதிப்பைக் காத்துக்கொண்டது. அவர்கள் இழந்த மதிப்பை மீட்டுத்தரவில்லை.