ஆய்வேட்டிலிருந்து மருந்துக்கு: அரசு மானியத்துக்கு நம் பிள்ளைகள் விண்ணப்பிப்பது எப்படி?

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே மலையேறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்கள் தமிழ் பேசுபவர்கள். எந்தப் பச்சிலை எந்த நோய்க்கு என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருப்பவர்கள். இவர்களின் மருத்துவ அறிவைப் பற்றித் தமிழகத்தில் பல ஆய்வுகள் வந்துள்ளன. ஆனால் பெரும்பாலான ஆய்வுகள் பட்டத்தோடு நின்றுவிடுகின்றன. ஆய்வேடு நூலக அலமாரிக்குப் போகிறது; நோயாளியின் கைக்கு மருந்து வருவதில்லை.

நம் குடும்பங்களிலும் உயிரித் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், மருந்தியல் படிக்கும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், பெருகிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். 2022-ல் கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. படித்து முடித்ததும் "இனி என்ன?" என்ற கேள்விக்கு வேலை, திருமணம் இரண்டைத்தான் நாம் பதிலாக வைத்திருக்கிறோம். ஆய்வைத் தொழிலாக்கும் மூன்றாவது வழியும் உண்டு.

வட்டியில்லாத பணம்

ஆய்வகத்தில் கிடைத்த நல்ல முடிவு, விற்பனைக்குரிய மருந்தாகவோ கருவியாகவோ மாறுவதற்குள் பல சோதனைகளைக் கடக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். சொத்து அடமானம் இல்லாமல் வங்கி தயங்கும், கொடுத்தாலும் வட்டி. நம்மவர்கள் பலர் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

இந்த இடைவெளிக்காகவே 2012-ல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 'பைராக்' என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் 'பிக்' திட்டத்தில், புதிய யோசனை செயல்படும் என்று நிரூபிக்க 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாத காலத்துக்கு மானியம் தரப்படுகிறது. கல்லூரிப் பேராசிரியர்கள் தங்கள் ஆய்வைத் தொழிலுக்குக் கொண்டுசெல்ல 'பேஸ்' என்ற தனித் திட்டம் இருக்கிறது. கருவி போன்ற பொருளின் முதல் மாதிரியைச் செய்ய, அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'நிதி பிரயாஸ்' 10 லட்சம் வரை தருகிறது.

பணத்தின் வகையைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். மானியம் என்றால் திருப்பித் தர வேண்டியதில்லை. வட்டி என்ற பேச்சே இல்லை. தமிழக அரசின் 'டான்சீட்' போன்றவற்றில் உதவிக்கு ஈடாக நிறுவனத்தில் சிறு பங்கு எடுத்துக்கொள்வார்கள். அது கூட்டு வணிகம் போன்றது. வேறு சில திட்டங்கள் பெயரில் உதவி, உள்ளே கடன். ஒப்பந்தத்தை முழுவதும் படித்து, ஐயம் இருந்தால் ஆலிம்களிடம் காட்டிக் கேட்டபிறகே கையெழுத்திட வேண்டும்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

ஒரு மாணவி கல்வராயன் மலைக் கடுக்காயின் சாற்றைக் கொண்டு சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கு ஒரு கட்டுத்துணி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேர்வுக்குழு அவரிடம் கேட்பது நான்கு கேள்விகள்.

முதலாவது, இதில் புதியது என்ன? கடுக்காய் புண்ணை ஆற்றும் என்பது சித்த மருத்துவம் அறிந்த செய்தி. பாரம்பரிய அறிவை அப்படியே எடுத்துக் காப்புரிமை கேட்க இந்தியச் சட்டத்தில் இடமில்லை. சாற்றைத் துணியில் நிறுத்தும் முறை புதிதாக இருந்தால் அதைக் கேட்கலாம். ஆனால் கட்டுரையாகவோ கருத்தரங்கிலோ வெளியிடும் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். அவசரப்பட்டு வெளியிட்டால் பெரும்பாலும் உரிமை போய்விடும்.

இரண்டாவது, கண்டுபிடிப்பு யாருடையது? பல்கலைக்கழக ஆய்வகத்தில் செய்ததென்றால் பல்கலைக்கழகத்துக்கும் அதில் உரிமை இருக்கலாம். வழிகாட்டிப் பேராசிரியரிடமும் நிர்வாகத்திடமும் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும்.

மூன்றாவது, பணத்தால் எதை நிரூபிப்பீர்கள்? "ஆராய்ச்சியைத் தொடர்வோம்" என்று எழுதினால் எடுபடாது. ஒவ்வொரு முறையும் சாறு ஒரே வீரியத்தில் வருவது, கிருமி நீக்கம், அனுமதி பெற்ற விலங்குச் சோதனை என்று மாதவாரியாக இலக்கு எழுத வேண்டும். இலக்கை எட்ட எட்டத்தான் அடுத்த தவணை வரும்.

நான்காவது, யார் வாங்குவார்கள்? மருத்துவமனையா, நோயாளியா, என்ன விலைக்கு என்பதை மருத்துவர்களிடமே நேரில் கேட்டு எழுத வேண்டும்.

தனிநபராக விண்ணப்பிப்பவருக்குத் தொழில் வளர்ப்பகம் ஒன்றின் ஆதரவு தேவைப்படும். சென்னையில் ஐஐடியிலும், வண்டலூர் கிரசென்ட் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய வளர்ப்பகங்கள் இருக்கின்றன. 'பிக்' அழைப்பு வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை வரும். தேதியையும் விதிகளையும் பைராக் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அழைப்பு வந்தபிறகு எழுத உட்கார்ந்தால் நேரம் போதாது.

மலைமக்களின் ஹக்

கடுக்காய் போலன்றி, நூல்களில் எழுதப்படாத ஒரு மூலிகையை மலைமக்கள் காட்டித்தந்தால் என்ன செய்வது? நம் எல்லையை ஒட்டிய அகத்தியமலையில் இது நடந்திருக்கிறது.

1987-ல் அங்கு சென்ற ஆய்வாளர்கள், உடன் வந்த கானி பழங்குடி வழிகாட்டிகள் ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பின்றி நடப்பதைக் கவனித்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் அருகே பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய ஃபார்மசிக்குத் தயாரிப்பு உரிமை தரப்பட்டது: 10 லட்சம் ரூபாயும், விற்பனையில் 2 விழுக்காடும். அதில் பாதி கானி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-ல் அவர்களுக்கென அறக்கட்டளை பதிவானது.

உலகமே பாராட்டிய ஏற்பாடு அது. ஆனாலும் கானிகளில் ஒரு பகுதியினர் தங்களைக் கலந்து பேசவில்லை என்று வருந்தினார்கள். வனத்துறைக் கட்டுப்பாடுகளால் இலை கிடைப்பதும் சிக்கலானது. பங்கு கொடுத்தால் மட்டும் போதாது, தொடக்கத்திலேயே எல்லாரிடமும் பேச வேண்டும் என்பது இதில் நமக்குள்ள பாடம்.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இன்று பலன் பகிர்வை ஒழுங்குபடுத்துகிறது. அதற்கான தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. எந்தத் தாவரத்துக்கு என்ன பதிவு, என்ன அனுமதி தேவை என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே அங்கு விசாரித்துக்கொள்வது நல்லது. சட்டம் சொல்கிறதோ இல்லையோ, நம்பிச் சொல்லப்பட்ட அறிவு அமானிதம். அமானிதத்தை உரியவரிடம் சேர்க்கச் சொல்கிறது குர்ஆன் (4:58). வெள்ளிமலையில் ஒரு பெரியவர் காட்டிய செடியிலிருந்து நம் பிள்ளை மருந்து செய்தால், அந்த ஊருக்குச் சேர வேண்டிய பங்கும் திட்டத்தின் வரவு செலவில் முதல் நாளே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியது

பெரும்பாலான விண்ணப்பங்கள் முதல் முறையில் தேர்வாவதில்லை. நிராகரித்தவர்கள் சொன்ன காரணத்தைத் திருத்தி மறுபடியும் அனுப்பலாம். அதுவரை "இன்னும் எத்தனை நாள் படிப்பு?" என்று கேட்காமல், ஓரிரு ஆண்டு அவகாசம் தருவதே பெற்றோர் செய்யும் பெரிய உதவி. ஜமாஅத்துகளும் தங்கள் கல்வி உதவியில் ஒரு சிறு பகுதியைக் காப்புரிமைக் கட்டணத்துக்கு ஒதுக்கலாம். நோயுற்ற ஒருவருக்கு நம் பிள்ளையின் ஆய்வால் குணம் கிடைத்தால், இன்ஷா அல்லாஹ், அது நமக்கும் நிலையான நன்மையாகும்.