குறித்து வைத்தது எங்கே போச்சு?

புத்தகம் படிக்கிறோம். பாதியில் தூக்கம் வருகிறது. என்ன செய்கிறோம்? ஒரு மயில் இறகையோ பழைய பஸ் டிக்கெட்டையோ அந்தப் பக்கத்தில் வைத்து மூடுகிறோம். மறுநாள் திறந்தால், விட்ட இடம் கைக்கு வந்துவிடுகிறது.

செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் படிக்கிறவர்களுக்கும் இப்படி ஓர் அடையாளம் வேண்டியிருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் பற்றி ஒரு கட்டுரை. அம்மாவுக்கு ஊறுகாய்ப் பக்குவம். பையனுக்குப் பரீட்சைக் கேள்விகள். "அப்புறம் பார்க்கலாம்" என்று அந்தப் பக்கத்தின் முகவரியைக் குறித்து வைக்கிறோம். இதற்குத்தான் "புக்மார்க்" என்று பெயர்.

பத்து இருபது என்றால் கவலை இல்லை. இரண்டாயிரம் சேர்ந்துவிட்டால்? தேடி எடுக்க வேண்டாமா? வீட்டுக் கம்ப்யூட்டரில் குறித்தது, வெளியூரில் செல்போனில் கிடைக்க வேண்டாமா? அதற்காகவே சில கம்பெனிகள் வந்தன. "உங்கள் குறிப்புகளை எங்களிடம் கொடுங்கள், பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்" என்றன. மக்களும் நம்பிக் கொடுத்தார்கள்.

கொடுத்தது என்ன ஆயிற்று? கேளுங்கள்.

கை மாறிய கதை

அமெரிக்காவில் நியூயார்க் நகரம். அங்கே ஜோஷுவா ஷாக்டர் என்று ஒரு வாலிபர். இணையத்தில் கண்ட நல்ல பக்கங்களின் முகவரிகளைப் பட்டியல் போட்டு வைப்பது அவர் வழக்கம். பட்டியல் ஆயிரக்கணக்கில் வளர்ந்தது. தேட முடியவில்லை. அவர் ஒரு தந்திரம் செய்தார். ஒவ்வொரு முகவரியின் பக்கத்திலும் "கணக்கு" என்பது போல ஒரு சொல்லை எழுதினார். அந்தச் சொல்லைத் தேடினால், கணக்கு சம்பந்தப்பட்ட முகவரிகள் எல்லாம் வந்து நிற்கும்! சமையலறை டப்பாக்களில் சீட்டு ஒட்டுகிற மாதிரிதான். ஆனால் இங்கே ஒரே டப்பாவில் பத்துச் சீட்டு ஒட்டலாம்.

தனக்காகச் செய்ததை, 2003-ல் "டெலிஷியஸ்" என்ற பெயரில் எல்லாருக்கும் திறந்துவிட்டார். கூட்டம் சேர்ந்தது. 2005 டிசம்பரில் யாஹூ கம்பெனி அதை வாங்கியது.

ஐந்து வருஷம் ஆயிற்று. 2010 டிசம்பரில், யாஹூ கைவிடப்போகும் சேவைகளின் பட்டியல் வெளியே கசிந்தது. அதில் டெலிஷியசும் இருந்தது! குறிப்புச் சேர்த்தவர்கள் பதறினார்கள்.

2011-ல், யூடியூபை நிறுவியவர்களில் இருவர் அதை வாங்கினார்கள். அப்போது ஒரு நிபந்தனை வந்தது. "என் குறிப்புகளைப் புதிய முதலாளியிடம் மாற்றச் சம்மதம்" என்று ஒவ்வொருவரும் தவணைக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறிப்புகள் புது இடத்துக்குப் போகா. ஊருக்குப் போயிருந்தவர், அறிவிப்பைப் பார்க்காதவர், யாரிடம் போய் அழுவது?

பிறகு 2017-ல், பின்போர்டு என்ற போட்டிக் கடைக்காரர் 35,000 டாலருக்கு அதை வாங்கினார். புதிதாக யாரும் எதுவும் சேர்க்க முடியாதபடி நிறுத்தி வைத்தார். அதோடு சரி!

பையால் வந்த வம்பு

இன்னொரு கதை இதைவிட ருசியானது.

"பாக்கெட்" என்று ஒரு சேவை. 2007-ல் வேறு பெயரில் தொடங்கி, 2012-ல் இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. படிக்க வேண்டியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது போல என்று கருத்து.

பிரான்ஸ் நாட்டில் நிக்கோலா என்ற கம்ப்யூட்டர் நிபுணர் 2013-ல் இதேபோல ஒன்றைச் செய்தார். அதற்கு "போஷ்" என்று பெயர் வைத்தார். பிரெஞ்சு மொழியில் "போஷ்" என்றால் பை! பாக்கெட் கம்பெனி சும்மா இருக்குமா? பெயரை எதிர்த்துச் சட்ட மிரட்டல் வந்தது. 2014-ல் அவர் பெயரை மாற்றினார். என்ன பெயர் தெரியுமா? "வாலாபேக்". வாலபி என்பது கங்காரு இனத்தைச் சேர்ந்த சிறிய மிருகம். அதன் வயிற்றிலும் ஒரு பை இருக்கிறது அல்லவா? பையை விடாமலே பெயரை மாற்றிவிட்டார், கெட்டிக்காரர்!

2017-ல் பாக்கெட்டை மோசில்லா வாங்கியது. பயர்பாக்ஸ் பிரவுசரைத் தருகிற அதே மோசில்லாதான். 2025 ஜூலை 8-ந் தேதி பாக்கெட் மூடப்பட்டது. குறிப்புகளை எடுத்துக்கொள்ளச் சில மாதம் தவணை கொடுத்தார்கள். கங்காருப் பையோ இன்னும் உயிரோடு இருக்கிறது. பாக்கெட் குறிப்புகளை அப்படியே வாங்கிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு.

அது எப்படிப் பிழைத்தது? ஓட்டலில் சாம்பார் சாப்பிடுகிறோம். பக்குவம் முதலாளிக்கு மட்டுமே தெரியும். ஓட்டலை மூடினால் சாம்பாரும் போச்சு. வாலாபேக்கின் பக்குவமோ ஊர் அறிய எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், தம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம். காசு இல்லை. இதைத்தான் "ஓப்பன் சோர்ஸ்" என்கிறார்கள். செய்தவர் நாளைக்கு விலகினாலும், உங்கள் வீட்டில் ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது?

இப்படி ஒன்றைச் சொந்தமாகக் கட்டுகிறவர்கள் இன்று பல நாடுகளிலும் இருக்கிறார்கள். பெரிய யந்திரம் தேவை இல்லை. பிரிட்டனில் 2012-ல் வந்த "ராஸ்பெர்ரி பை" என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் போதும். பழைய லாப்டாப்பும் போதும். இரவும் பகலும் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குள் மூன்று நோட்டுப் புத்தகங்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் நோட்டில் முகவரி, தலைப்பு, சேர்த்த தேதி. இரண்டாவதில் சீட்டுச் சொற்கள். எந்த முகவரிக்கு எந்தச் சீட்டு என்பது மூன்றாவதில். ஒன்று போதாதா, எதற்கு மூன்று? "சமையல்" என்பதைச் "சமயல்" என்று தப்பாக எழுதி, 500 குறிப்புகளுக்கு ஒட்டிவிட்டீர்கள். ஒரே நோட்டு என்றால் 500 இடத்தில் திருத்த வேண்டும். மூன்று நோட்டு என்றால், இரண்டாவதில் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். அத்தனையும் திருந்திவிடும்!

பிரவுசரில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் முகவரி வீட்டுக்குப் பறக்கும். வீட்டு யந்திரம் தானே அந்தப் பக்கத்துக்குப் போய், தலைப்பைப் படித்து எழுதிக்கொள்ளும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரே பக்கம் இரண்டு வழியில் வந்தால், முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு இரண்டு விதமான வால் ஒட்டிக்கொண்டு வரும். யந்திரம் இரண்டு பக்கம் என்று ஏமாந்துவிடும். வாலை வெட்டிவிடலாமே என்றால், யூடியூபில் எந்தப் படம் என்பதே வாலில்தான் இருக்கிறது! எது வீண் வால், எது உயிர் வால் என்று பார்த்து வெட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், பக்கமே மறைந்துபோவது. 2013-ல் இணையத்தில் இருந்த பக்கங்களில், 100-க்கு 38 பக்கங்கள் 2023 அக்டோபரில் திறக்கவில்லை. அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி நிலையம் கண்ட கணக்கு இது. முகவரி இருக்கிறது, வீடு இல்லை! ஆகையால் முகவரியோடு பக்கத்தின் நகலையும் வாங்கி வைக்க வேண்டும். வாலாபேக் கட்டுரையையே எடுத்து வைத்துக்கொள்கிறது. "லிங்க்டிங்" என்று இன்னொன்று உண்டு. ஜெர்மன் மொழியில் "டிங்" என்றால் பொருள், சாமான். அதில் சொல்லி வைத்தால், அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்துக்குச் சொல்லி அங்கே ஒரு நகல் எடுக்க வைக்கும்.

லாபம் மட்டும்தானா? இல்லை. சொந்த வீடு என்றால் ஓட்டையும் நாமே மாற்ற வேண்டும். ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டு ஒரு நாள் படுத்துவிட்டால், பிரதி எடுத்து வைக்காதவர் பாடு, டெலிஷியசில் தவணையைத் தவறவிட்டவர் பாடுதான். வெளியிலிருந்து பார்க்கும்படி திறந்து வைத்தால் கள்ளனும் வருவான். பலமான பூட்டு வேண்டும். பொழுது இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

ஆனால் எல்லாரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் பிரவுசரின் புக்மார்க் பகுதியில் "எக்ஸ்போர்ட்" என்று இருக்கும். அதை அழுத்தினால், உங்கள் குறிப்புகள் அத்தனையும் ஒரே கோப்பாக இறங்கும். 1990-களில் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் போட்ட மாதிரி அது. நெட்ஸ்கேப் போய்விட்டது. அந்தக் கோப்பை இன்றைய பிரவுசர்களும், லிங்க்டிங் போன்றவையும் இன்னும் படிக்கின்றன. ஒரு பென் டிரைவில் போட்டு, தேதி எழுதி, பீரோவில் வைத்துவிடுங்கள். இரண்டு நிமிஷ வேலை.