கூப்பிட்டால் நிற்கிற ஆட்டம்

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். உள்ளே படுக்க வைத்து, ஊசி குத்தி, இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே வரிசையாகக் கிடக்கும் இரும்பு நாற்காலிகளில் துணைக்கு வந்த நாங்கள் உட்கார்ந்திருப்போம். கதவு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. பிரஷர் இறங்குகிறது, ஒரு கையெழுத்து போடுங்கள் என்பார்கள். கீழே போய் மருந்து வாங்கி வரச் சொல்வார்கள். சில நாள், “கால் இழுக்குதாம், உங்களைத்தான் கேக்குறாரு” என்று நர்ஸ் வந்து நிற்பார். கையடக்க கேம் கருவியில் எதை விளையாடுவது, எதை விடுவது என்பதை அந்த நாற்காலியில்தான் கற்றுக்கொண்டேன்.

என்னிடம் இருப்பது ஸ்டீம் டெக். வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் கொண்டுவந்த முதல் வகை, ஏழு அங்குலத் திரை. நண்பர் ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். கைக்கு வந்ததும், எல்லாரும் கொண்டாடுகிற பெரிய ஆட்டங்களைத்தான் முதலில் ஏற்றினேன். ‘பால்டர்ஸ் கேட் 3’ மட்டும் 150 ஜி.பி. கேட்டது. என் கருவியின் சொந்த நினைவகமே 64 ஜி.பி.தான். அதற்காகத் தனியாக மெமரி கார்டு வாங்கிப் போட்டேன். பக்கத்திலேயே ‘எல்டன் ரிங்’கும் இருந்தது.

‘எல்டன் ரிங்’ மகத்தான ஆட்டம், அதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. ஆனால் அதில் ‘நிறுத்து’ என்கிற வழக்கம் இல்லை. மெனுவைத் திறந்து வைத்தாலும் எதிரி வெட்டிக்கொண்டேதான் இருப்பான். ஒரு நாள் பெரிய சண்டையின் நடுவில் கதவு திறந்தது. பவர் பட்டனை அழுத்திக் கருவியைத் தூங்க வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். அப்பாவின் காலைப் பிடித்துவிட்டு இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து எழுப்பினால், ஓங்கிய வாள் அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. என் விரல்களுக்கோ எதுவும் நினைவில்லை. ஆட்டத்தில் பிழை ஒன்றும் இல்லை. முழு கவனத்தையும் கேட்கிற ஆட்டம் அது. அந்த நாற்காலியில் என்னிடம் முழு கவனம் இல்லை, இருக்கவும் கூடாது.

நல்ல ஆட்டம் எது என்று கேட்டால் ஆளுக்கு நூறு பெயர் சொல்வார்கள். எங்கே உட்கார்ந்து, எவ்வளவு நேரம், எத்தனை தடவை எழுந்து போக வேண்டிய நிலையில் விளையாடப் போகிறீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டால், பெயர்கள் பத்தாகக் குறைந்துவிடும். கையில் வைத்து விளையாடும் ஆட்டத்துக்கு இதைவிட முக்கியமான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கேள்வி புதியதும் இல்லை. 1989இல் நின்டென்டோ ‘கேம் பாய்’ கருவியை வெளியிட்டபோதே எழுந்ததுதான். வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கிய குன்பே யோகோய், விலை குறைந்த, நன்கு பழகிப்போன தொழில்நுட்பத்தைப் புதுவிதமாகப் பயன்படுத்துவதில் நம்பிக்கை கொண்டவர். அதனால் கேம் பாயில் வண்ணமும் இல்லை, திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. மங்கிய பச்சைத் திரையில் நான்கே நான்கு சாயல்கள். வேகமாக எதுவும் நகர்ந்தால் நிழல் போல இழுபடும். ஆனால் நான்கு பேட்டரி போட்டால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். போட்டிக்கு வந்த சேகாவின் ‘கேம் கியர்’ வண்ணத்தில் ஒளிர்ந்தது. ஆறு பேட்டரிகளைத் தின்றுவிட்டு மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் அணைந்தும் போனது.

அமெரிக்காவில் கேம் பாயோடு எந்த ஆட்டத்தைச் சேர்த்துக் கொடுப்பது என்ற பேச்சு வந்தது. நின்டென்டோவின் கையில் மரியோ இருந்தார். டெட்ரிஸின் உரிமைக்காக மாஸ்கோ வரை போய்வந்த ஹெங்க் ரோஜர்ஸ், நின்டென்டோவின் அமெரிக்கக் கிளைத் தலைவர் மினோரு அரகாவாவிடம் வாதாடினார். சின்னப் பையன்களுக்கு விற்க வேண்டுமென்றால் மரியோவைக் கொடுங்கள், எல்லாருக்கும் விற்க வேண்டுமென்றால் டெட்ரிஸைக் கொடுங்கள் என்பது அவர் வாதம். டெட்ரிஸ் சேர்ந்தது. 1984இல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் அகாதமியின் கணினி மையத்தில் அலெக்ஸி பாஜித்னோவ் உருவாக்கிய ஆட்டம், கோடிக்கணக்கான கைகளுக்குப் போனது.

அந்தத் தேர்வை நான் இன்றைக்கும் வியந்து நினைப்பேன். டெட்ரிஸின் துண்டுகளை வண்ணத்தை வைத்து அடையாளம் காண வேண்டியதில்லை, வடிவமே போதும். அதனால் வண்ணமில்லாத திரை குறையாகவே தெரியவில்லை. பின்னணி ஓடாது, துண்டு மட்டும் கட்டம் கட்டமாக இறங்கும். ஆகவே திரையின் நிழல் இழுபடுவது கண்ணை உறுத்தவில்லை. நினைவில் வைத்துக்கொள்ளக் கதை இல்லை. பஸ் வரும்வரை ஆடலாம், வந்ததும் அணைத்துவிட்டு ஏறலாம். கருவியின் எல்லாப் பலவீனங்களையும் தெரிந்து வைத்துக்கொண்டு அதோடு ஒத்துப்போன ஆட்டம் அது.

இன்றைய கருவிகளின் திரை பளிச்சென்று இருக்கிறது. பேட்டரிக் கணக்கு மட்டும் மாறவில்லை. என் ஸ்டீம் டெக்கின் பேட்டரி 40 வாட்-மணி. பெரிய ஆட்டம் ஒன்று கருவியை முழு மூச்சாக ஓடவிட்டு 20 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம். சின்ன ஆட்டம் எட்டு வாட்டில் ஓடினால் ஐந்து மணி நேரம். டயாலிசிஸ் நான்கு மணி நேரம். அந்தக் கூடத்தில் இருப்பது ஒரே ஒரு ப்ளக் பாயின்ட், அதில் எப்போதும் யாருடைய போனாவது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். வீட்டுக்குத் தகவல் சொல்லக் காத்திருக்கிறவரின் போனைக் கழற்றிவிட்டு என் விளையாட்டைச் செருக மனம் வராது. அங்கே எட்டு வாட் ஆட்டம்தான் எனக்குச் சரி.

கனமான ஆட்டத்தைத்தான் ஆட வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. திரையை நொடிக்கு 40 தடவை புதுப்பிக்கும்படி வைத்து, ஆட்டத்தையும் 40 சட்டகங்களுக்குக் கட்டிப்போடலாம். 60 சட்டகங்களில் ஓடும்போது ஒவ்வொரு படமும் 16.7 மில்லி நொடி நிற்கிறது, 30இல் 33.3 மில்லி நொடி. 40 வைத்தால் 25 மில்லி நொடி. எண்ணிக்கையில் பார்த்தால் 40 என்பது 30க்குப் பக்கம். கண் உணர்வதோ நேரத்தை. நேரத்தில் அது இரண்டுக்கும் சரிபாதியில் நிற்கிறது. 30இல் தெரிகிற தடுமாற்றம் பெருமளவு போய்விடும், 60 கேட்கிற மின்சாரத்தையும் கொடுக்க வேண்டியதில்லை. முதல் தடவை மாற்றிப் பார்த்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

வால்வின் இணையக் கடையான ஸ்டீமில் சில ஆட்டங்களின் மேல் பச்சை டிக் குறி இருக்கும். வால்வ் சோதித்துப் பார்த்துக் கொடுப்பது. கருவியின் பட்டன்களிலேயே எல்லாம் நடக்கிறதா, எழுத்து படிக்க முடிகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து வாசிக்க முடிய வேண்டும் என்பது எழுத்துக்கான விதி. நல்ல விதிதான். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அது போதாது என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய மானிட்டருக்காக வரைந்த ராஜ்ஜிய ஆட்டங்களில் தானியக் கணக்கும் படைக் கணக்கும் எறும்பு ஊர்வது போலத் தெரியும். பச்சைக் குறி ஓடும் என்று சொல்கிறது, அவ்வளவுதான். உங்கள் கண்ணுக்கும் இடத்துக்கும் பொருந்துமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வசதி உண்டு. ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தை வீட்டுச் சோபாவில் செலவழிக்காதீர்கள். எங்கே ஆடப் போகிறீர்களோ அங்கே கொண்டுபோய் ஆடுங்கள்.

காது இன்னொரு விஷயம். நர்ஸ் கூப்பிடுவது கேட்க வேண்டும், அதனால் சத்தம் இல்லாமலும் முழுமையாக ஆட முடிகிற ஆட்டம்தான் எனக்கு வேண்டும். இசைக்குத் தாளம் தட்டும் ஆட்டங்கள் எல்லாம் இதில் கழிந்துவிடும்.

இப்படிச் சலித்துச் சலித்துக் கடைசியில் நின்றவற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது ‘இன்டு தி ப்ரீச்’. 2018இல் வந்தது. சதுரங்கப் பலகை மாதிரி எட்டுக்கு எட்டுக் கட்டம். எதிரிகள் அடுத்து எங்கே அடிக்கப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே பலகையில் தெரியும். நாம் நகர்த்தும்வரை எதுவும் நகராது. கதவு திறந்து நான் போய்விட்டு அரை மணி கழித்து வந்தாலும், தெரிய வேண்டியது எல்லாம் கண்முன் அப்படியே இருக்கும். எதையும் மனதில் சுமந்துகொண்டு உள்ளே போக வேண்டியதில்லை. அப்பாவிடம் போகும்போது முழுதாக அப்பாவிடம் போக முடிகிறது. 2024இல் வந்த ‘பலாட்ரோ’வும் இதே குணம்தான். சீட்டு வைத்து ஆடுவது, எந்தச் சீட்டிலும் நிறுத்தலாம், 200 எம்.பி.கூடத் தேவையில்லை. ‘ஸ்டார்டூ வேலி’ எல்லாரும் சொல்கிற அமைதியான விவசாய ஆட்டம், எனக்கும் பிடிக்கும். ஆனால் பி.சி. பதிப்பில் படுக்கைக்குப் போய்த் தூங்கினால்தான் அன்றைய நாள் சேவ் ஆகும். ஒரு நாள் என்பது ஏறக்குறைய 14 நிமிஷம். நடுவில் பேட்டரி இறங்கிவிட்டால் அன்றைய உழைப்பு போயிற்று. அதை நான் வீட்டுக்கு வைத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ‘வெண்பா’வைக் கொண்டுபோனேன். டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் உருவாக்கி 2023 ஜூலையில் வெளியிட்டது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்த் தாய் ஒருத்தி, அம்மா கொடுத்த, எழுத்து அழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்துச் சமைக்கிறாள். 2024இல் பாஃப்டாவின் அறிமுக ஆட்டத்துக்கான விருதை வாங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிற கதை, சமையல் சமையலாகப் பிரிந்திருக்கும். ஒரே காத்திருப்பில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் சமையல் இட்லி. மாவு ஊற்றியாயிற்று, தட்டுகளை அடுக்க வேண்டும். புத்தகத்தில் அந்த இடம் அழிந்திருக்கிறது. நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் கணவருக்குத் துணையாக வந்த அம்மா ஒருவர். ஒரு மாதமாக ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தும் பேசியதில்லை. என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், விரலை நீட்டினார்.

“அது ஏன் தம்பி குழிக்கு மேல குழியா வைக்கிறீங்க? தட்டைத் திருப்பி வைங்க. ஆவி மேல போகணும்ல?”

திருப்பி வைத்தேன். அடுப்பைப் பற்ற வைக்கப் போகும்போது கதவு திறந்தது. “அட்டெண்டர் யாரு?” அப்பாவின் பெயரைச் சொன்னார்கள். பட்டனை அழுத்தி, கருவியை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். அந்த அம்மா அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று அப்பாவுக்குக் கொஞ்சம் முடியாமல் போய், சீக்கிரமே கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வியாழக்கிழமை போனபோது அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்திருந்தார். அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். சொன்னேன். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

“அந்த இட்லி வெந்துச்சா தம்பி?”

“இன்னும் இல்லம்மா. அப்படியே நிக்குது” என்று கருவியை எடுத்து எழுப்பினேன்.